கடலாமைகளைக் கணக்கெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார் வளைகுடாவில் கடற்புல் மேயும் பேராமைகளையும், சென்னைக் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளையும் ஆய்வு செய்ய இளைஞர்கள் முன்வருவது மிகவும் மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கண்ணில் பட்டவை மட்டுமே கடலில் இருப்பவை என்று கொண்டுவிட்டால், அவர்கள் இரவு பகலாகத் திரட்டும் தரவுகள் தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

முட்டைக்குழிகளின் எண்ணிக்கையை ஆமைகளின் எண்ணிக்கையாக எழுதுவதுதான் பரவலாகக் காணப்படும் தவறு. ஒரே பெண் ஆமை ஒரு பருவத்தில் பலமுறை முட்டையிடலாம். அடுத்த ஆண்டு வராமலும் போகலாம். ஆண் ஆமைகளும், பருவமடையப் பல்லாண்டுகள் எடுத்துக்கொள்ளும் இளம் ஆமைகளும் இந்தக் கணக்கில் இடம்பெறுவதே இல்லை. எனவே ஓரிரு பருவங்களின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு இனம் பெருகுகிறது என்றோ அழிகிறது என்றோ சொல்லக் கூடாது.

கடலுக்குள் எண்ணுவதிலும் சிக்கல் உண்டு. ஆஸ்திரேலியாவின் ரெய்ன் தீவில், இரவில் முட்டையிட ஏறும் பேராமைகளின் ஓட்டில் தீங்கற்ற வெள்ளை வண்ணத்தால் ஒரு கோடு தீட்டிவிட்டு, பின்னர் தீவைச் சுற்றியுள்ள நீரில் கோடு உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று படகிலிருந்து எண்ணிவந்தார்கள். கோடு தீட்டியவை எத்தனை என்பது தெரியும் என்பதால், இந்த விகிதத்திலிருந்து மொத்த எண்ணிக்கை கணிக்கப்படும். ஆனால் வெள்ளைக் கோடு பார்ப்பவரின் கண்ணை இழுத்துவிடுகிறது. மங்கிய நிறத்து ஆமைகள் அலைக்கடியில் தப்பிவிடுகின்றன. கோடுள்ளவை கூடுதலாகப் பதிவானதால் மொத்தக் கணிப்பு குறைந்துபோயிற்று. ட்ரோன் படங்களை நிதானமாக ஆராய்ந்த பிறகு, பழைய கணிப்புகளை ஏறத்தாழ 1.73 மடங்கு உயர்த்த வேண்டும் என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. பயிற்சி பெற்ற கண்களே இப்படி ஏமாறும் என்றால், கலங்கிய நீரில் ஒருமுறை படகோட்டிப் பார்த்து எழுதும் எண்ணை எப்படி நம்புவது? நீரின் தெளிவு, அலை, நேரம், எண்ணியவர் யார் என்பவற்றையும் குறித்தே ஆக வேண்டும்.

ஒரே மேய்ச்சல் நிலத்தில் திரியும் ஆமைகள் யாவும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை என்று எண்ணுவதை மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். வெவ்வேறு கரைகளில் பிறந்தவை ஒரே கடற்புல் வெளியில் கலந்து மேய்வதுண்டு. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டிலுள்ள ஹோவிக் தீவுகளில் மேய்ந்த பேராமைகளை மரபணு மூலம் பிறந்த கரை வாரியாகப் பிரித்தபோது, தெற்கே பிறந்தவற்றில் 65 முதல் 69 விழுக்காடும், மணல் சூடேறிய வடக்கே பிறந்த இளம் ஆமைகளில் 99 விழுக்காடும் பெண்கள் என்பது 2018-இல் தெரியவந்தது. முட்டை புதைந்த மணல் சூடானால் பெண் குஞ்சுகளே மிகுதியாகப் பிறக்கும். பிரிக்காமல் சராசரி எடுத்திருந்தால் வடபகுதியின் ஆபத்து அந்தச் சராசரிக்குள் மங்கிப்போயிருக்கும். இளம் ஆமைகளின் பாலினத்தை வெளித்தோற்றத்தால் அறிய முடியாது என்பதையும் மறக்கலாகாது. ஆணின் வால் நீள்வது பருவமடையும்போதுதான்.

அளவெடுப்பதில் நேரும் பிழை சிறிதுதான், ஆனால் பல ஆண்டுத் தரவைக் கெடுக்கும். ஓட்டின் வளைவோடு நாடா வைத்து எடுத்த நீளமும், இடுக்கி அளவுகோலால் (caliper) நேர்கோட்டில் எடுத்த நீளமும் வேறுவேறு. எந்த முறை என்று எழுதாத ஏட்டை, பிறகு யாரும் பயன்படுத்த முடியாது.

கரையொதுங்கும் உடல்களை எண்ணுவோருக்கும் ஒரு வேண்டுகோள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. அவையே அந்தப் பருவத்தில் இறந்த மொத்த ஆமைகள் என்று எழுதினால் சேதத்தைக் குறைத்துக் காட்டியவர்களாவோம். இறந்த ஆமை பெரும்பாலும் முதலில் மூழ்கி, அழுகி உப்பிய பின்னரே மிதக்கிறது; அது கரை சேருமா என்பதைக் காற்றும் நீரோட்டமும் தீர்மானிக்கின்றன. மறுபக்கம், ஒரே உடலை இரண்டு குழுக்கள் எண்ணிவிடவும் கூடும். எண்ணிய உடனே ஓட்டில் வண்ணக் குறியிட்டு, இடம், நாள், அழுகிய நிலை மூன்றையும் அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும்.