தீர்ப்பில் காரணம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீர்ப்பை வரிவரியாகப் படிப்பவர் தோற்றவர்தான். ஜெயித்தவருக்குக் கடைசிப் பக்கம் போதும். தோற்றவரோ தன் வாதம் நீதிபதியின் காதில் விழுந்ததா என்று ஒவ்வொரு பத்தியிலும் தேடுவார். அவரை மறந்துவிட்டு எழுதும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

அவற்றில் மிக மோசமானது, முடிவையே காரணம்போல எழுதுவது. ‘சாட்சியங்கள் அனைத்தையும் பரிசீலித்தேன், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) குற்றவாளி’ என்றால், பரிசீலித்ததில் என்ன தெரிந்தது? கனடாவில் திருட்டு ஜன்னல்களை வைத்திருந்ததாக ஒருவர்மீது வழக்கு. விசாரணை நீதிபதி ஏறக்குறைய இப்படி ஒரே வாக்கியத்தில் அவரைக் குற்றவாளி என்று முடித்துவிட்டார். மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. காரணங்கள் போதவில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் 2002-இல் சொல்லிவிட்டது.

சாட்சியை ‘நம்பும்படியாக இல்லை’ என்று ஒரு வரியில் ஒதுக்குவதும் இதே ரகம். ‘இரவு 10 மணிக்குக் கடைக்குள் பார்த்ததாகச் சொன்னவர், 8 மணிக்கே கடையைப் பூட்டிவிட்டதாகக் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார்’ என்று எழுதிப் பாருங்கள். மேல் நீதிமன்றம் அதைப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். சாட்சி தடுமாறினார் என்பதை மட்டுமே பிடித்துக்கொள்வது ஆபத்து. உண்மை சொல்பவரும் கூண்டில் ஏறினால் பயத்தில் தடுமாறுவார்.

அப்புறம், மனுவையும் எதிர்வாதத்தையும் அப்படியே பக்கம் பக்கமாக நகலெடுப்பது. இதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அத்தனை உழைப்பும் வாசகரைக் களைப்படையத்தான் வைக்கிறது. முடிவு செய்ய வேண்டிய எழுவினாக்களை, அதாவது இரு தரப்பும் மோதும் கேள்விகளை, முதலிலேயே சொல்லிவிட்டால், எந்த விவரம் தேவை, எது வேண்டாம் என்பது தானே பிரிந்துவிடும். முன்தீர்ப்புகளும் அப்படித்தான். பொருந்தும் ஒன்றை எடுத்து, இந்த வழக்கோடு எந்த இடத்தில் ஒத்துப்போகிறது என்று விளக்கினால் போதும்.

தோற்ற தரப்பின் பலவீனமான வாதங்களுக்கு விரிவாகப் பதில் சொல்லிவிட்டு, பலமான ஒன்றைத் தொடாமல் விடுவது நியாயமே இல்லை. அதை அவருடைய வக்கீலே ஒப்புக்கொள்ளும்படி நேர்மையாக எடுத்துச் சொல்லி, பிறகு ஏன் ஏற்கவில்லை என்று எழுத வேண்டும்.

கடைசியாக உத்தரவுப் பகுதி. ‘வழக்கு அனுமதிக்கப்படுகிறது’ என்று நிறுத்தினால் போதாது. யார், யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், வட்டி எந்த நாளிலிருந்து என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நிறைவேற்றும் கட்டத்தில் அதே தரப்புகள் மறுபடி வாதாட வந்து நிற்கும்.