பிள்ளைகளைக் கவனித்து எழுதுவது எப்படி? புதிய அங்கன்வாடி டீச்சர்களுக்கு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கத்து அங்கன்வாடிகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் டீச்சர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எல்கேஜி, யுகேஜி எடுப்பவர்களுக்கும் ஒத்துவரும்.

நம் வேலையில் ஒரு சங்கடம் உண்டு. பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு ஸ்டாஃப் ரூம் இருக்கிறது. "அந்தப் பையனா, என் கிளாஸ்லயும் அப்படித்தாங்க" என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இருப்பார். நமக்கு ஒரு கூடம், ஒரு ஹெல்பர், மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை கலந்து கட்டிய பிள்ளைகள். பக்கத்து அங்கன்வாடி டீச்சர்கள் கூடும் செக்டர் மீட்டிங்குக்குப் போனாலும், போஷன் டிராக்கர் செயலியில் யார் எதை ஏற்றவில்லை என்ற விசாரணையிலேயே நேரம் போய்விடும். 2021-ல் அந்தச் செயலி வந்ததிலிருந்து எடை, உயரம், வருகை எல்லாம் போனுக்குள் இருக்கிறது. இன்றைக்கு ஒரு பிள்ளை என்ன யோசித்தது என்று போட அதில் கட்டம் கிடையாது.

அதற்குத்தான் தனியாக ஒரு நோட்டு. பிள்ளை செய்ததையும் சொன்னதையும் அன்றன்றைக்கே எழுதி வைப்பது, பிறகு இன்னொரு டீச்சரோடு உட்கார்ந்து படிப்பது. இவ்வளவுதான் விஷயம். "இருக்கிற ரெஜிஸ்டர் பத்தாதா?" என்று நீங்கள் அலுத்துக்கொள்வது காதில் விழுகிறது. இது யாரும் கையெழுத்துப் போட்டுச் சரிபார்க்கும் ரெஜிஸ்டர் அல்ல. நமக்காக நாமே வைத்துக்கொள்வது. ஆனாலும் இதற்கு மேலிடத்து ஆதரவு இல்லாமலும் இல்லை: 2022 அக்டோபரில் வெளியான அடித்தளப் பருவத்துக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், இந்த வயதுக்குத் தேர்வு வைப்பது பொருந்தாது, பிள்ளையைக் கவனிப்பதும் அது செய்தவற்றைப் பார்ப்பதுமே வழி என்கிறது.

படி 1: நோட்டும் பென்சிலும்

இரண்டு நோட்டு வேண்டும். ஒன்று உள்ளங்கையில் அடங்குவது, பென்சிலை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். மற்றொன்று சாதாரண நீள நோட்டு. வேலைக்கு நடுவே சின்ன நோட்டில் நான்கைந்து சொல் கிறுக்கிக்கொள்வது. சாப்பாடு முடிந்து பிள்ளைகள் பாயில் உறங்கும் நேரத்தில் அதை விரித்து நீள நோட்டில் எழுதுவது. மறுநாளைக்குத் தள்ளாதீர்கள். பிள்ளை பேசின பேச்சு ஒரு ராத்திரி தாங்காது, காலையில் பார்த்தால் நம் சொந்தச் சொல்தான் மிச்சம் இருக்கும்.

போனில் எழுதலாமே என்று கேட்பீர்கள். போனை எடுத்த உடனே பாதிப் பிள்ளைகள் போட்டோவுக்கு நிற்கும், மீதி பாட்டுப் போடச் சொல்லும். நோட்டே போதும்.

படி 2: ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை

எல்லாரையும் கவனிக்கப் போனால் ஒருவரையும் கவனிக்க முடியாது. வருகைப் பதிவில் உள்ள வரிசைப்படி நாளுக்கு ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைதான். பத்து நிமிஷம் கிடைத்தால் அதிகம்.

வரிசை எதற்கு என்றால், வரிசை இல்லாவிட்டால் கடிக்கிற பிள்ளையும் கதை சொல்கிற பிள்ளையும்தான் நோட்டில் ஏறும். ஜன்னல் ஓரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வருஷம் முழுக்க ஒரு வரி விழாது.

படி 3: கண்டதை எழுதுங்கள், கருதியதை அல்ல

இதில்தான் எல்லாம் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

முதல் முறை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்கள்:

"இன்று க. தண்ணீரில் நன்றாக விளையாடினாள். நல்ல கெட்டிக்காரி. ஆனால் பிடிவாதம்."

இதை ஒரு மாதம் கழித்துப் படித்தால் உங்களுக்கே ஒன்றும் புரியாது. எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். அதே பத்து நிமிஷத்தை இப்படி எழுதிப் பாருங்கள்:

"காலை 10.40, தண்ணீர்த் தொட்டி ஓரம். க. மூன்று கொட்டாங்குச்சியை வரிசையாக வைத்தாள். பெரியதில் மொண்டு சின்னதில் ஊற்றினாள். வழிந்தது. நிறுத்தினாள். சின்னதைக் கொட்டிவிட்டு மறுபடியும் ஊற்றினாள். வழிந்தது. 'இதுக்கு வவுறு சின்னது' என்றாள், யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பிறகு சின்னதில் மொண்டு பெரியதில் ஊற்றினாள். ஒன்று. இரண்டு. 'இன்னும் பசிக்குது இதுக்கு.' ர. வந்து ஒரு கொட்டாங்குச்சியை எடுத்தான். 'டேய், வெச்சிரு' என்று கையைப் பிடித்து இழுத்தாள்."

"கெட்டிக்காரி" என்ற சொல் எங்கும் இல்லை, ஆனால் ஒரு நாலு வயதுப் பிள்ளை கொள்ளளவை அளந்துகொண்டிருக்கிறது என்பது தெரிகிறது. "பிடிவாதம்" என்று முதலில் எழுதியது என்ன என்பதும் தெரிகிறது: பாதியில் நின்றுபோன ஒரு சோதனைக்காக அவள் போட்ட சண்டை அது.

எழுதி முடித்ததும் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். நல்ல, மோசமான, சுறுசுறுப்பான, மந்தமான, அடங்காத என்று வருகிற சொற்களின் அடியில் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டையும் பார்த்து, "எதைப் பார்த்து இதைச் சொன்னேன்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பதில்தான் நோட்டில் இருக்க வேண்டியது.

பிள்ளை பேசியதைத் திருத்தாமல் எழுதுங்கள். நம் பக்கத்தில் வீட்டில் தமிழ், டிவியில் இரண்டும், அங்கன்வாடிப் பாட்டு மலையாளத்தில். பிள்ளை கலந்து பேசினால் கலந்தபடியே விழட்டும். கொச்சையை நல்ல தமிழாக்கி எழுத வேண்டாம்.

இப்படி எழுதுவது புதிதும் அல்ல. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் மால்டிங் ஹவுஸ் என்ற சிறு பள்ளியை 1924 முதல் 1927 வரை பொறுப்பேற்று நடத்திய சூசன் ஐசக்ஸ், பிள்ளைகள் பேசிக்கொண்டதை விடாமல் பதிவு செய்து வைத்தவர். 1925-ல் அங்கே வளர்த்த முயல் ஒன்று செத்துப்போனது. வயிறு ஏறி இறங்கவில்லை, அதனால் செத்துவிட்டது என்றான் ஒருவன். தண்ணீரில் போட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்றான் இன்னொருவன். ஐசக்ஸ் தடுக்கவில்லை, போட்டுப் பார்க்க விட்டார். முயல் மிதந்து சுற்றியது. அசைகிறதே, உயிர் இருக்கிறது என்றது ஒரு பிள்ளை. அவர் ஒரு குச்சியை எடுத்துத் தண்ணீரில் போட்டார். குச்சியும் சுற்றியது. குச்சிக்கு உயிர் இல்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு முயலைப் புதைக்கலாம் என்று பிள்ளைகளே சொன்னார்கள். "பிள்ளைகள் இன்று சாவைப் பற்றிப் பேசினார்கள்" என்று ஒற்றை வரியில் அவர் முடித்திருந்தால், நூறு வருஷம் கழித்து நமக்கு அந்தக் குச்சி கிடைத்திருக்காது. எனக்கு அந்தக் குச்சிதான் பிடித்தது. பாடம் நடத்தாமல் ஒரு டீச்சர் எவ்வளவு சொல்ல முடியும் என்று பாருங்கள்.

நம் ஊர்க் கதையும் ஒன்று இருக்கிறது. உப்புமாவுக்குப் பதில் பிரியாணி வேண்டும் என்று ஒரு கேரளத்து அங்கன்வாடிக் குட்டி கேட்ட வீடியோ 2025 தொடக்கத்தில் ஊரெல்லாம் சுற்றியது. அமைச்சர் வரைக்கும் போய், அந்த வருஷம் ஜூனில் வந்த புது மெனுவில் முட்டை பிரியாணி சேர்ந்தது. நம் கூடத்திலும் தினமும் எதையாவது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எழுதினால்தான் கேட்டது தெரியும்.

படி 4: வெள்ளிக்கிழமை படியுங்கள், திங்கட்கிழமை ஒன்றை மாற்றுங்கள்

வாரக் கடைசியில் அந்த வாரத்துப் பக்கங்களை ஒரு முறை படியுங்கள். ஒவ்வொரு குறிப்பின் கீழும் ஒரே ஒரு வரி: "அடுத்து என்ன வைக்கலாம்?"

க.வுக்கு என்ன வைக்கலாம்? வாய் குறுகிய பாட்டில் ஒன்று, புனல் ஒன்று, அடியில் ஓட்டை போட்ட கொட்டாங்குச்சி ஒன்று. செலவு ஒன்றும் இல்லை. ர.வுக்கும் சேர்த்து இன்னொரு செட் வைத்தால் சண்டையும் குறையும். திங்கட்கிழமை இவ்வளவு மாற்றினால் போதும். கூடத்தையே புரட்டிப் போட வேண்டியதில்லை.

பேசாத பிள்ளைகள் விஷயத்தில் இந்த வெள்ளிக்கிழமைப் படிப்பு ரொம்ப உதவும். வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளை, மலையாளம் பேசும் டீச்சரிடம் வந்து சேர்ந்தால் சில வாரம், சில மாதம்கூட வாயே திறக்காமல் இருக்கலாம். புது மொழிக்குள் வருகிற பிள்ளைகளிடம் இது வழக்கமாகப் பார்ப்பதுதான். "பேசவில்லை" என்று மட்டும் எழுதினால் நமக்கும் பயம், அம்மாவுக்கும் பயம். "பாட்டு வந்தபோது உதடு அசைந்தது", "வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஆட்டுக்குட்டியிடம் தமிழில் ஏதோ சொன்னான்", "'கை கழுவலாம்' என்றதும் முதல் ஆளாக எழுந்தான்" என்று மூன்று குறிப்பு இருந்தால், உள்ளே என்னவெல்லாம் நடக்கிறது என்று புரியும். அவனோடு தமிழில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மலையாளப் பாட்டைத் தொடங்கலாம் என்ற யோசனையும் தானாக வரும்.

படி 5: சந்தேகம் வந்தால்

சில நேரம் குறிப்புகள் வேறு எதையோ காட்டும். எதிரில் நின்று பேசினால் பதில் வருகிறது, முதுகுக்குப் பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. இது ஒரு நாள் என்றால் விளையாட்டு மும்முரம். வேறு வேறு நாளில், வேறு வேறு இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால், தேதியோடு அந்த வரிகளைத் தனித்தாளில் எடுத்து எழுதி ஆர்பிஎஸ்கே (பிள்ளைகளுக்கான அரசு உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) நர்ஸிடம் கொடுங்கள். 2013-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதனை உண்டு. "காது கேக்காது போல" என்று அம்மாவிடம் நாமாகச் சொல்லக் கூடாது. டாக்டர் சொல்ல வேண்டியதை டாக்டர் சொல்லட்டும். நாம் பார்த்தது எது, எந்தத் தேதியில் என்பதைத் தெளிவாகச் சொன்னாலே அவர்கள் வேலை பாதி சுலபமாகிவிடும்.

படி 6: இன்னொரு டீச்சருக்கு வாசித்துக் காட்டுங்கள்

பலரும் விட்டுவிடுவது இதைத்தான். விட்டால் நோட்டும் கொஞ்ச நாளில் தூங்கிவிடும், ஏனென்றால் படிக்க ஆளில்லாமல் எழுத யாருக்கும் மனம் வராது.

பக்கத்து வார்டு டீச்சர் ஒருவரைப் பிடியுங்கள். மீட்டிங் நாளில் அரை மணி முன்னால் போய், அல்லது பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில், ஆளுக்கு ஒரு குறிப்பு வாசியுங்கள். கேட்பவருக்கு ஒரு விதி: முதலில் அறிவுரை சொல்லக் கூடாது. "அப்புறம் அவ என்ன பண்ணினா?", "அந்தக் கொட்டாங்குச்சி எங்க இருந்து வந்துச்சு?" என்று கேட்க மட்டும் வேண்டும். "எங்க அங்கன்வாடில நான் என்ன பண்ணுவேன் தெரியுமா" என்று ஆரம்பிக்கும் அக்காக்கள் எல்லா ஊரிலும் உண்டு. அனுபவம் உள்ளவர்கள், அவர்கள் சொல்வது உபயோகமாகவும் இருக்கும், ஆனால் இரண்டாவது சுற்றில் சொல்லட்டும். கேள்வி கேட்டால்தான் நாம் பார்க்காமல் விட்டது எது என்று தெரியும். அடுத்த வாரம் கண் அங்கே போகும்.

இப்படிச் சில மாதம் நடந்தால் ஒன்று கவனிப்பீர்கள். பேச்சில் சம்பளம், செயலி, ஆய்வு எல்லாம் குறையாது, குறைய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் நடுவில், "நேத்து ஒண்ணு சொன்னான் பாருங்க டீச்சரே" என்று ஒருவர் நோட்டைத் திறப்பார். காலையில் வேலைக்குக் கிளம்ப அது ஒரு காரணமாகிவிடும்.

எழுதக் கூடாதவை

பிள்ளைகள் வீட்டு விஷயம் எல்லாம் சொல்லிவிடும். அப்பா குடித்தது, பாட்டி திட்டியது, கடன்காரர் வந்தது. அது நோட்டுக்கு உரியதல்ல. சாதி, நோய் எதுவும் வேண்டாம். முழுப் பெயருக்குப் பதில் முதலெழுத்து போதும். நோட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், பிள்ளையின் முகம் தெரியும் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எங்குமே போடாதீர்கள். நல்ல எண்ணத்தோடு போட்டதுகூட நம் கையில் நிற்காது.

யாரோ துன்புறுத்துகிறார்கள் என்று படும்படி ஒரு பிள்ளை ஏதாவது சொன்னால், அது வாசித்துக் காட்டும் குறிப்பு அல்ல. அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லி, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிட வேண்டிய விஷயம். பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் போலீசுக்குத் தெரிவிப்பது 2012 போக்சோ சட்டப்படி நம் கடமை, விருப்பம் அல்ல.

வருஷக் கடைசியில்

ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளின் குறிப்புகளில் இரண்டு மூன்றை நல்ல கையெழுத்தில் தனித்தாளில் எழுதி, பிள்ளை வரைந்த படம் ஒன்றையும் சேர்த்துப் பின் அடித்து அம்மாவிடம் கொடுங்கள். தமிழ் மீடியமா மலையாளம் மீடியமா என்று வீட்டில் வாக்குவாதம் நடக்கிற சமயம் அது. பிள்ளை எந்த மொழியில் கதை சொல்கிறது, எதில் கணக்குப் போடுகிறது, எதில் சண்டை பிடிக்கிறது என்று அந்தத் தாளில் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரர் யோசனையை விட அது உபயோகமாக இருக்கும். படிக்கத் தெரியாத அம்மா என்றால் உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். மற்ற பக்கங்களைக் கிழித்து எரித்துவிட்டு, புது நோட்டுக்கு அட்டை போடலாம்.