வார்டில் வேலை பார்த்துக்கொண்டே மருத்துவமனை நிர்வாகம் படிக்க

மன்னார்குடி பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் பெண்கள் வார்டுக்கு இன்சார்ஜ் சிஸ்டராக இருக்கிறேன். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் மருத்துவமனை நிர்வாகத்தில் முதுநிலைப் பட்டயம் படித்தேன். அப்போதிருந்து திருவாரூர், நாகை, தஞ்சாவூர் பக்கத்து நர்ஸ்களும் பார்மசிஸ்டுகளும் லேப் டெக்னீஷியன்களும் “அக்கா, எங்கே சேரலாம், நம்மால் முடியுமா?” என்று கேட்டபடி இருக்கிறார்கள். போனில் ஒவ்வொருவருக்கும் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முடியும். கல்லூரிப் பிள்ளைகளைவிட நமக்கு இது எளிது என்றே சொல்வேன். அவர்கள் புத்தகத்தில் படிக்கிற மருத்துவமனைக்குள் நாம் தினமும் எட்டு மணி நேரம் நிற்கிறோம். ஆனால் அந்த வசதி தானாக வந்து சேராது. பாடத்தை வார்டோடு சேர்த்துப் படித்தால்தான் கிடைக்கும்.

சேருவதற்கு முன் எதற்காகப் படிக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அரசுப் பணியில் பதவி உயர்வு என்பது பணிமூப்பையும் விதிகளையும் பொறுத்தது. பட்டயம் கையில் வந்ததும் நாற்காலி மாறிவிடாது. ஆனால் தர மதிப்பீடு, மருந்து ஸ்டோர், டூட்டி சார்ட் என எதைக் கையில் எடுத்தாலும் வேலை தெளிவாக நடக்கும். தனியார் மருத்துவமனையில் இருந்தால் மருத்துவமனைகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் அங்கீகாரத்துக்கான தரப் பிரிவு வேலைக்குப் போக இந்தப் படிப்பு நேராகவே உதவும்.

வேலையில் இருக்கும் நமக்குத் தொலைதூரப் படிப்புதான் ஒத்துவரும், அதனால் அடுத்தது அதன் அங்கீகாரம். பணம் கட்டுவதற்கு முன் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தைத் திறந்து, நீங்கள் சேரும் ஆண்டில், நீங்கள் சேரும் அதே படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியது என்பது மட்டும் போதாது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979 முதல் தொலைதூரக் கல்வி நடத்துகிறது, நம் பகுதியில் பாதி வீடுகளில் அதன் பட்டம் இருக்கும். அங்கே சேர்வதானாலும் அந்தந்த ஆண்டு பார்த்துவிட்டே சேருங்கள். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் மருத்துவமனை மற்றும் சுகாதார மேலாண்மையில் முதுநிலைப் பட்டயம் இருக்கிறது. தகுதி விவரத்தை அந்த ஆண்டின் கையேட்டில் வரி வரியாகப் படியுங்கள். 2024 முதல் தொலைதூரப் படிப்பில் சேர டெப் ஐ.டி., அதாவது மானியக் குழுவின் அதே பிரிவு தரும் மாணவர் அடையாள எண், எடுக்க வேண்டும். அரசு ஊழியர்கள் துறையின் அனுமதிக் கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு சேருங்கள். இந்த வேலைகளை ஒரே வாரத்தில் முடித்துவிடலாம்.

எப்போது சேருவது என்பது நம் ஊரில் தனிக் கேள்வி. இக்னோவில் சேர்க்கை ஜனவரியிலும் ஜூலையிலும், தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும், வீட்டில் குறுவை வேலை தொடங்கிவிடும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை, வார்டு முழுக்கக் காய்ச்சல் கேஸ். இரண்டு தேர்வுமே நமக்கு நெருக்கடியான மாதத்தில்தான் வரும், அதை மாற்ற முடியாது. அதனால் ஜனவரிச் சேர்க்கையைத்தான் நான் சொல்வேன். சம்பா அறுவடைக் காலம், கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வருகிற நேரம், கட்டணம் கட்டச் சிரமம் இருக்காது. மார்ச் முதல் மே வரை வயலில் நெல் வேலை குறைவு, வீடும் கொஞ்சம் ஓய்வாக இருக்கும். பாடத்தின் பெரும்பகுதியை அந்த மூன்று மாதத்தில் முடித்துவிடுங்கள். அசைன்மெண்டுகளையும் அப்போதே எழுதுங்கள். இக்னோவின் பெரும்பாலான படிப்புகளில் அதற்கு 30 சதவீத எடை உண்டு.

இனி படிக்கும் முறை. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு பாடம் படித்தால் அதே வாரத்தில் உங்கள் வார்டில் அதைப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, படுக்கைக் கணக்கு. 30 படுக்கை, 30 நாள் என்றால் மாதம் 900 படுக்கை நாட்கள். நள்ளிரவு சென்சஸை, அதாவது இரவு 12 மணிக்கு வார்டில் இருக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையை, நாள்தோறும் கூட்டினால் 720 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். படுக்கைப் பயன்பாடு 80 சதவீதம். அந்த மாதம் டிஸ்சார்ஜ் 180 என்றால் ஒருவர் சராசரியாகத் தங்குவது 4 நாள், ஒரு படுக்கைக்கு மாதம் 6 பேர். இந்த மூன்று எண்ணையும் புத்தகத்தில் படித்தால் பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும். உங்கள் சென்சஸ் நோட்டிலிருந்து போட்டால் கேள்விகள் வரத் தொடங்கும்.

எனக்கு வந்த கேள்வி இது: காலை ரவுண்ட்ஸில் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று எழுதிவிட்ட அம்மா, இரவு சென்சஸில் ஏன் இருக்கிறார்? டிஸ்சார்ஜ் சம்மரி எழுத மதியம் ஆகிறது, பிறகு காப்பீட்டுத் திட்டக் காகிதம், பிறகு மருந்து. எல்லாம் கைக்கு வரும்போது அவர் ஊருக்குப் போகிற பஸ் போய்விடுகிறது. முத்துப்பேட்டை தாண்டி உள்ளே இருக்கிற கிராமத்துக்குச் சாயங்காலம் யார் ஆட்டோ பிடித்துப் போவார்கள்? “காலைல போறேன் சிஸ்டர்” என்று படுத்துவிடுகிறார். இப்படி மாதம் 30 பேர் ஓர் இரவு கூடுதலாகத் தங்கினால் 30 படுக்கை நாட்கள், அதாவது ஒரு படுக்கை மாதம் முழுக்கப் போய்விட்டது. பக்கத்தில் ஒருவர் தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பார்.

இதைச் சரிசெய்வது தனியாக ஒரு நர்ஸால் ஆகிற காரியம் இல்லை. அங்கேதான் தலைமை என்கிற பாடம் தொடங்குகிறது. டாக்டருக்கு நாம் உத்தரவு போட முடியாது, காப்பீட்டுப் பிரிவு நம் கீழ் இல்லை. ஒரு தாளில் ஒவ்வொரு டிஸ்சார்ஜுக்கும் நேரத்தைக் குறித்து, யாரையும் குறை சொல்லாமல் முன்னால் வைத்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். “நாளைக்குப் போகிறவர்களின் சம்மரியை இன்று மாலையே எழுதிவிடலாமா சார்?” என்று எண்ணோடு போய்க் கேளுங்கள். அதிகாரம் இல்லாமல் ஒரு வேலையை நடத்துவது எப்படி என்று புத்தகம் பல பக்கம் எழுதும், அதன் சாரம் இதுதான்.

அவேடிஸ் டொனபீடியன் என்ற மருத்துவர் 1966இல் எழுதிய கட்டுரையை எல்லாப் பாடத்திட்டமும் சொல்லும். கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று தரத்தை மூன்றாகப் பிரித்தார். மேலே சொன்ன டிஸ்சார்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள்: படுக்கை கட்டமைப்பு, சம்மரி எழுதும் நேரம் செயல்முறை, அந்த அம்மா என்று வீட்டுக்குப் போனார், குணமாகிப் போனாரா என்பது விளைவு. தேர்வில் இப்படிச் சொந்த உதாரணத்தோடு எழுதுங்கள்.

தர மதிப்பீட்டுக்கு, அரசு மருத்துவமனைகளுக்கான தேசியத் தர உறுதிச் சரிபார்ப்புப் பட்டியலே நல்ல பாடநூல். எட்டுப் பகுதிகள், ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. கூட்டம் இல்லாதபோது உங்கள் வார்டுக்கு நீங்களே மதிப்பெண் போடுங்கள். கழிவுப் பைகளின் நிறம், கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற விதி எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான், சீக்கிரம் ஓடிவிடும். மருந்து மேலாண்மைக்கு ஸ்டோர் பார்மசிஸ்டோடு அரை நாள் இருங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தர 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் முறையைப் பிற மாநிலங்களும் பார்த்துப் பின்பற்றின. அது நம் ஸ்டோர் வரை எப்படி வருகிறது என்பதை மருந்து கேட்டு எழுதும் இண்டெண்ட் புத்தகத்திலேயே பார்க்கலாம்.

பேரிடர் மேலாண்மைப் பாடத்துக்கு நாகை, திருவாரூர்க்காரர்களுக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது பணியில் இருந்த சீனியர் சிஸ்டர்களிடம் கேளுங்கள். ஜெனரேட்டருக்கு டீசல், குடிதண்ணீர், பாம்புக்கடி மருந்து, வீட்டுக்குப் போக முடியாத ஊழியர்களுக்குச் சாப்பாடு என்று அவர்கள் சொல்வதை எழுதி வைத்தால், அதுதான் உங்கள் மருத்துவமனையின் பேரிடர்த் திட்டத்துக்கு முதல் வரைவு.

பாடநூல் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம். ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுத் தமிழில் நாலு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை, திரும்பப் படியுங்கள். புரிந்த பிறகு ஆங்கிலத்தில் விடை எழுதுவது பழக்கம்தான். நைட் டூட்டி முடிந்த காலையில் படிக்க உட்காராதீர்கள், தூங்குங்கள். வாரத்தில் எந்த நேரம் உங்களுடையது என்று வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மாமியாரிடமும் சொல்லுங்கள். நம்மை வேலைக்கு அனுப்பியவர்கள் படிக்கவும் விடுவார்கள், கேட்கத்தான் நாம் தயங்குகிறோம்.

கேஸ் ஷீட்டிலிருந்து எதை எடுத்தாலும் நோயாளியின் பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) எதுவும் அசைன்மெண்டில் வரக்கூடாது. புராஜெக்ட் என்றால் தலைமை மருத்துவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

தேர்வு அட்டவணை வந்த அன்றே டூட்டி சார்ட் போடுபவரிடம் தேதிகளைக் கொடுத்துவிடுங்கள். டிசம்பர்த் தேர்வுக்கு வெளியூர் போவதானால் முதல் நாள் மாலையே கிளம்பி உறவினர் வீட்டில் தங்குங்கள். மழை பிடித்துக்கொண்டால் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து காலை பஸ் நேரத்துக்கு வரும் என்று நம்ப முடியாது.