வீட்டை விற்கும்போது எதைக் கழற்றி எடுத்துச் செல்லலாம்?

வீட்டின் விலையைப் பற்றிய பேரம் முன்பணம் கைமாறும் அன்றே முடிந்துவிடும். அன்று முதல் கிரயப் பத்திரம் பதிவாகும் நாள் வரை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே எழும் மனக்கசப்பு பெரும்பாலும் மின்விசிறி, ஏசி, வாட்டர் ஹீட்டர், இன்வெர்ட்டர், ஊஞ்சல் போன்றவற்றைப் பற்றியதாகவே இருக்கிறது. வீட்டு விலையோடு ஒப்பிட்டால் இவற்றின் மதிப்பு சொற்பமே. ஆனால் பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் பேச்சு தடித்துப்போவதற்கு அதுவே போதும். தமிழ்நாட்டில் வீடு விற்பவர் எதைக் கழற்றலாம், எதைத் தொடக்கூடாது, கழற்றுவதானால் எப்போது, எப்படிக் கழற்ற வேண்டும் என்பதை விற்பவரின் பக்கம் நின்று இங்கே விளக்குகிறேன்.

இதற்கான அடிப்படைச் சட்டம் 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம். அதன் 8ஆம் பிரிவின்படி, வேறு எண்ணம் வெளிப்படையாகச் சொல்லப்படாத, அல்லது தவிர்க்க முடியாதபடி உணர்த்தப்படாத வரையில், ஒரு வீடு கைமாறும்போது அதன் பூட்டுகள், சாவிகள், கம்பிகள், கதவுகள், ஜன்னல்கள் ஆகியவையும், அந்த வீட்டோடு சேர்ந்து நிரந்தரமாகப் பயன்படுவதற்கென அமைக்கப்பட்ட ஏனைய அனைத்தும் தாமாகவே வாங்குபவரைச் சேர்ந்துவிடும். பத்திரத்தில் கதவு என்று எழுதவில்லையே என்று சொல்லித் தேக்குக் கதவைக் கழற்றிச் செல்ல யாருக்கும் உரிமை இல்லை. ‘வேறு எண்ணம் சொல்லப்படாத வரையில்’ என்ற சொற்களை விற்பவர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். விதிவிலக்குக்கு வழி அங்கேதான் இருக்கிறது, அதையும் எழுத்தில் வைப்பதே பாதுகாப்பு.

அடுத்து, ‘நிலத்தோடு இணைந்தது’ என்றால் என்ன என்பதை அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. மரஞ்செடிகளைப் போல வேரூன்றி இருப்பவை, சுவரையும் கட்டடத்தையும் போல நிலத்தில் பதிந்திருப்பவை, அப்படிப் பதிந்திருப்பதன் நிரந்தர அனுபோகத்துக்காக அதனோடு பொருத்தப்பட்டவை என மூன்று வகை. மூன்றாவது வகையில்தான் குழப்பமெல்லாம். ஆணி அடித்திருக்கிறதா, திருகு போட்டிருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. எதன் நன்மைக்காகப் பொருத்தினார்கள் என்று கேட்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் 1940இல் எண்ணெய் எஞ்சின் ஒன்றைப் பற்றிய வழக்கில் இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. எஞ்சின் தரையில் பொருத்தப்பட்டிருந்தாலும், பொருத்தினால்தான் அது ஓடும் என்பதற்காகவே பொருத்தினார்கள், இடத்தின் நன்மைக்காக அன்று. எனவே அது அசையும் பொருளே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இந்த உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தால் பாதிப் பொருள்களுக்கு விடை உடனே கிடைத்துவிடும். நிலை, கதவு, ஜன்னல், கிரில், இரும்பு கேட், சுவரோடு கட்டிய அலமாரி, பரண் கதவுகள், கழிப்பறைப் பீங்கான், குழாய்கள், மின்கம்பிகள், சுவிட்சுகள், மாடித் தண்ணீர்த் தொட்டி, கிணற்றிலோ ஆழ்துளையிலோ இறக்கிய மோட்டார் எல்லாம் வீட்டைச் சேர்ந்தவை. அளவெடுத்துச் செய்த மாடுலர் கிச்சனும் அப்படித்தான். வேறு வீட்டில் அது பொருந்தவும் பொருந்தாது. தரையில் பதித்த ஆட்டுக்கல் வீட்டுக்குரியது; மூலையில் சாத்தி வைத்த அம்மி உங்களுக்குரியது. பழைய கிரயப் பத்திரங்களில் ‘நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம்’ என்று ஒரு வரி வரும். புதையல் முதல் நீர், மரம், கல் வரை அனைத்தும் மண்ணோடு சேர்ந்து போகின்றன என்பது அதன் பொருள். நம் பத்திர எழுத்தர்களுக்கு இந்தச் சிந்தனை புதிதன்று. கட்டில், சோபா, பீரோ, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவை விற்பவருடையவை என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

மிச்சமிருப்பவைதான் சண்டைக்குரியவை. மின்விசிறியை எடுத்துக்கொள்வது பல ஊர்களில் வழக்கம். கொக்கியோடு தொங்குகிறது, கழற்றினால் எதுவும் கெடாது. ஆனால் ‘எல்லா வசதிகளுடனும்’ என்று விளம்பரம் செய்து விற்ற அடுக்குமாடி வீட்டில் வாங்குபவர் அதை எதிர்பார்த்துத்தான் வருவார். ஏசி, ஹீட்டர், குடிநீர் சுத்திகரிப்புக் கருவி, இன்வெர்ட்டர் ஆகியவற்றை எஞ்சின் வழக்கின் நியாயப்படி விற்பவர் எடுத்துச் செல்லலாம் என்பது என் கருத்து. சமையல் மேடைக் கிரானைட்டை வெட்டி உள்ளே இறக்கிய அடுப்பை விட்டுவிடுவதே மரியாதை. எடுத்தால் மேடையில் ஓட்டைதான் மிஞ்சும். மாடியிலுள்ள சூரிய மின் தகடுகள் வீட்டின் மின் இணைப்போடும் மீட்டரோடும் பிணைந்தவை. அவற்றைத் தனியே பிரித்தெடுப்பதைவிட விலையில் சேர்த்துப் பேசுவதே உத்தமம். கண்காணிப்புக் கேமரா, திரைச்சீலைக் கம்பி, கொசுவலைக் கதவு ஆகியவற்றுக்குச் சட்டத்தில் நேரான விடை கிடையாது. எழுதி வைப்பதுதான் விடை.

இனிக் காலம். பத்திரம் பதிவாகும் வரை வீடு என் பெயரில்தானே இருக்கிறது, அதுவரை எதை வேண்டுமானாலும் கழற்றுவேன் என்று சிலர் வாதிடுவதுண்டு. 54ஆம் பிரிவின்படி விற்பனை ஒப்பந்தம் மட்டுமே வாங்குபவருக்குச் சொத்தில் உரிமை எதையும் உண்டாக்குவதில்லை என்பதால், வாதத்தின் முதல் பாதி சரி. ஆனால் 55ஆம் பிரிவு, ஒப்பந்த நாளிலிருந்து சுவாதீனம் (வீட்டின் கைவசம்) ஒப்படைக்கும் நாள் வரை, விவேகமுள்ள உரிமையாளர் தம் சொத்தைப் பேணுவதைப் போலவே விற்பவர் அந்தச் சொத்தைப் பேண வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ஒப்பந்தத்துக்குப்பின் ஜன்னல் கதவுகளைப் பெயர்த்தெடுப்பது அந்தக் கடமையை மீறுவதாகும்; வாங்குபவர் விலையில் பிடித்தம் கேட்கலாம், இழப்பீடும் கோரலாம். ஆகவே கணக்கு ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்தே தொடங்குகிறது.

என் உறவினர் ஒருவர் கும்பகோணத்துப் பக்கம் பூர்விக வீட்டை விற்றபோது நடந்தது இது. கூடத்து உத்தரத்தில் நான்கு கொக்கிகள், அவற்றில் பித்தளைச் சங்கிலிகளில் தொங்கும் தேக்குப் பலகை. வீடு பார்க்க வந்த அன்று வாங்குபவரின் தாயார் அந்த ஊஞ்சலில் அரைமணி நேரம் உட்கார்ந்து ஆடிக்கொண்டே பேசினார். ஒப்பந்தத்தில் ஊஞ்சலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உறவினருக்கோ அது தம் பாட்டனார் செய்வித்தது. கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்து, பதிவுக்கு இரண்டு நாள் முன்னதாகக் கழற்றி அனுப்பிவிட்டார். பதிவன்று காலையில் வீட்டை ஒருமுறை பார்க்க வந்த அந்த அம்மாள் வெறும் கொக்கிகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு மகனிடம் மெதுவாக ஏதோ சொன்னார். பதிவு அன்று மாலை வரை தள்ளிப்போயிற்று. கடைசியில் பலகை என் உறவினரிடமே இருக்க, விலையில் ஒரு தொகையைக் குறைத்துக்கொண்டார்கள். சட்டப்படி பார்த்தால் ஊஞ்சல் அவருடையது என்று வாதாட நிறைய இடமுண்டு. இருந்தும், வாங்குபவரை முதல்முறை உள்ளே அழைப்பதற்கு முன்பே அதைக் கழற்றி வைத்திருந்தால் வாதமே எழுந்திராது.

எனவே நான் யாருக்கும் முதலில் சொல்வது இதுதான்: உங்களுக்கு விட மனமில்லாத பொருளை, வீட்டைக் காட்டத் தொடங்குமுன் கழற்றிவிடுங்கள். சரவிளக்கு வேண்டுமானால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாதாரண விளக்கை மாட்டுங்கள். பூஜை அறையின் மணிக்கதவு தலைமுறைச் சொத்து என்றால் வேறு கதவு போட்டுவிட்டு வீட்டைக் காட்டுங்கள். கண்ணில் படாத பொருளுக்கு யாரும் மனத்தில் விலை போடுவதில்லை.

அப்படிச் செய்ய முடியாதவற்றை ஒப்பந்தத்தின் இணைப்பாக ஒரு தாளில் எழுத வேண்டும். அறை அறையாகச் சென்று இருப்பவை, எடுத்துச் செல்பவை என இரண்டு பத்திகளாக எழுதி இருவரும் கையெழுத்திட்டால் போதும். வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: ‘மேற்படி வீட்டிலுள்ள கதவு, நிலை, ஜன்னல், மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, மோட்டார், சமையலறை அலமாரிகள் ஆகியவை இக்கிரயத்தில் அடங்கியவை. படுக்கையறை ஏசி இரண்டு, இன்வெர்ட்டரும் அதன் பேட்டரியும், கூடத்து ஊஞ்சற்பலகையும் சங்கிலிகளும் இக்கிரயத்தில் அடங்காதவை. அவற்றை விற்பவர் சுவாதீனம் ஒப்படைக்குமுன் தம் செலவில், கட்டடத்துக்குச் சேதமின்றி எடுத்துக்கொள்வார்.’ மாதிரி, நிறுவனப் பெயர் ஆகியவற்றையும் குறிப்பது நல்லது. புதிய ஏசியைக் காட்டிவிட்டுப் பழையதை மாட்டி வைத்ததாக நாளை புகார் வராது. கைப்பேசியில் வீடு முழுவதையும் ஒருமுறை காணொளியாக எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றும் வேலையிலும் கவனம் வேண்டும். ஹீட்டரை எடுத்தால் சுவரிலுள்ள இரண்டு குழாய் முனைகளையும் பிளக் போட்டு அடைக்க வேண்டும். மறந்தால், புது வீட்டுக்காரர் மாடித் தொட்டியின் வால்வைத் திறந்த கணமே குளியலறை வெள்ளக்காடாகிவிடும். ஏசியை எடுப்பதானால் மெக்கானிக்கைக் கொண்டு வாயுவை வெளி யூனிட்டுக்குள் இறக்கிய பிறகே செம்புக் குழாயைப் பிரித்து, சுவர்த் துளையைச் சிமென்ட் பூசி மூட வேண்டும். இன்வெர்ட்டரைக் கழற்றும்போது அதன் வழியாகச் சென்ற இணைப்பை நேர் மின்சாரத்தோடு மீண்டும் சேர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதி வீட்டில் விளக்கே எரியாது. இதை எலக்ட்ரீஷியனை வைத்துத்தான் செய்ய வேண்டும். மின்விசிறியை எடுத்தால் கொக்கியை விட்டுவிட்டுக் கம்பி முனைகளுக்கு டேப் சுற்றுங்கள். அறைக்கு ஒரு பல்பையாவது விட்டுச் செல்வது சட்டமன்று, ஆனால் இருட்டில் பால் காய்ச்ச வைப்பது நன்றாக இராது.

சிலர் அசையும் பொருள்களைத் தனித் தொகைக்கு விற்பார்கள். கட்டில், ஏசி, சோபாவுக்குத் தனி ரசீது போடுவதில் தவறில்லை. ஆனால் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகின்றனவே என்று, மாடுலர் கிச்சனையும் சுவர் அலமாரிகளையும் சாமான்கள் என்று காட்டிக் கிரயத் தொகையைக் குறைக்கும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அவை வீட்டின் பகுதி. குறைமதிப்பு என்று சார்பதிவாளர் கருதினால் முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவின்படி ஆவணத்தை மதிப்பு நிர்ணயத்துக்கு அனுப்பிவிடலாம்.

வீட்டில் வாடகைதாரர் இருந்தால் அவர் மாட்டிய பொருளை உங்களுடையதாகக் காட்டி விற்றுவிடாதீர்கள். தாம் பொருத்தியவற்றை, இடத்தை முன்பிருந்த நிலையில் விட்டுச் செல்லும் நிபந்தனையோடு, சுவாதீனத்தில் இருக்கும் வரை எடுத்துக்கொள்ள சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு அவருக்கு உரிமை தருகிறது. அடுக்குமாடியில் பொதுவிடத்தில் இருப்பவற்றில் உங்களுக்குப் பங்கு உண்டே தவிரத் தனியுரிமை இல்லை. கொல்லைப்புறத் தென்னையை ஒப்பந்தத்துக்குப்பின் வெட்டக்கூடாது, ஆனால் உரிமை மாறும் வரையிலான வருமானம் விற்பவருக்கே என்று 55ஆம் பிரிவு சொல்வதால் அதுவரை பறிக்கும் தேங்காய் உங்களுடையதே. குரும்பை வரை உலுக்கிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

பதிவன்றே முழுத் தொகையும் கைமாறி, ‘சுவாதீனம் இன்றே ஒப்படைக்கப்பட்டது’ என்று பத்திரத்தில் எழுதிவிடுவது நம் வழக்கம். அதற்குப்பின் எழும் குறைகளைச் சரிசெய்வது இருவருக்குமே கடினம். ஆதலால் முந்தைய நாள் மாலை வெளிச்சத்தில் வாங்குபவரை வரவழைத்து, அந்த இணைப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்து, ஒவ்வொரு சுவிட்சையும் குழாயையும் போட்டுக் காட்டி, தாளின் அடியில் ‘சரிபார்த்தேன்’ என்று கையெழுத்து வாங்குங்கள். சட்டம் பூட்டையும் சாவியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுவதால், பரண், மீட்டர் பெட்டி, மொட்டைமாடிக் கதவு, பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்த மாற்றுச் சாவி உட்பட எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்து, எது எதற்கு என்று சீட்டு ஒட்டி மறுநாள் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.