பாடம் நடத்துவதையே ஆய்வாக்கலாம்: விரிவுரையாளர்களுக்கான தொடக்க வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் வட்டாரத்திலிருந்து காலை வகுப்புக்கு வரும் என் மாணவர்களில் சிலர், அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குக் கிளம்பும் நேரத்திலேயே எழுந்துவிடுகிறவர்கள். வகுப்பில் ஊன்றிக் கவனிப்பார்கள், தலையாட்டுவார்கள். தாள் திருத்தும்போதுதான் புரியாமலே தலையாட்டியிருக்கிறார்கள் என்பது தெரியும். ஆசிரியர் அறையில் அதைச் சொல்லி வருந்திவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறோம். அந்த வருத்தத்தை முறையாக விசாரித்தால் அதுவே ஆய்வு. கற்பித்தலும் புலமைப் பணிதான் என்று அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் போயர் 1990இல் வாதிட்டார். கல்வியியல் பட்டம் இல்லாதவர்களும் இதைத் தாராளமாகச் செய்யலாம்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"மாணவர்களின் ஆர்வத்தை வளர்ப்பது எப்படி?" என்பது நம் ஏக்கம், அதை வைத்து ஆய்வு செய்ய முடியாது. ஒரு பாடப்பகுதி, ஒரு மாற்றம், கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு விளைவு, இவ்வளவு போதும். முதலாண்டுப் புள்ளியியலில் என் மாணவர்கள் திட்ட விலக்கத்தை, அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியுள்ளன என்பதன் அளவை, பிழையில்லாமல் கணக்கிடுவார்கள். அதன் பொருளைக் கேட்டால் பேச்சே வராது. பக்கத்தில் இருப்பவருக்கு ஐந்து நிமிடம் தமிழிலோ மலாயிலோ விளக்கிவிட்டு எழுதினால், ஆங்கில விடை தெளிவாகுமா? இதுதான் என் கேள்வி.

படி 2: கொஞ்சம் படியுங்கள்

இதே சிக்கலைப் பற்றி உங்கள் துறையில் வந்த நான்கைந்து கட்டுரைகள் போதும். முழுவதும் படித்த பிறகுதான் தொடங்குவேன் என்று காத்திருந்தால் பருவம் முடிந்துவிடும்.

படி 3: அனுமதி

இதில் அவசரப்படவே கூடாது. மதிப்பெண் போடும் கை உங்களுடையது. நீங்கள் கேட்டால் மாணவர் மறுக்கமாட்டார். தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியரிடம் "முடியாது" என்று சொல்லிப் பழகியவர்கள் அல்லர். ஆகவே தரவு திரட்டும் முன்பே பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெறுங்கள். ஒப்புதல் படிவத்தை அந்த வகுப்புக்குப் பாடம் நடத்தாத ஒருவர் கொடுத்து வாங்கட்டும். யார் சம்மதித்தார்கள் என்பதை இறுதி மதிப்பெண் வெளியாகும்வரை நீங்கள் பார்க்காதீர்கள். பெயர்களுக்குப் பதில் எண்களைப் பயன்படுத்தி, பெயர்ப் பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள்.

படி 4: தரவு

முதல் முயற்சியில் நான், "இந்த முறை பயனுள்ளதா?" என்று ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்டேன். ஏறக்குறைய எல்லாருமே ஐந்தைக் குறித்துவிட்டார்கள். அது என்மீதுள்ள மரியாதை. கற்றதற்குச் சான்று ஆகாது.

அடுத்த முறை வகுப்பு முடியும் தறுவாயில் ஆளுக்கு அரைத்தாள் கொடுத்து, "இன்று எது குழப்பியது?" என்று மட்டும் கேட்டேன். திட்ட விலக்கத்தின் மலாய்ப் பெயரைப் பற்றி ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தார்: "சிசிஹான் பியாவாய் என்று பள்ளியில் படித்தோம். சிசிஹ் என்றால் ஒதுக்குவது. அதனால் ஒதுக்கிவிட வேண்டிய எண்களைத்தான் கண்டுபிடிக்கிறோம் என்று நினைத்தேன்." வரிசையான சிறிய எழுத்து, கடைசி வரி மட்டும் அடித்துத் திருத்தியது. அந்தத் தாளை நெடுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். எந்த அளவுகோலும் இதை எனக்குச் சொல்லியிருக்காது.

படி 5: ஒப்பிடுங்கள்

பாடத்துக்கு முன்பும் பின்பும் ஒரே தரத்தில் ஒரு சிறு சோதனை வையுங்கள். கூடிய மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். 6,000க்கும் மேற்பட்ட இயற்பியல் மாணவர்களின் முடிவுகளை அலசி அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998இல் வெளியிட்ட ஆய்வு, கூடியதைக் கூடுவதற்கு இருந்த இடத்தால் வகுத்துப் பார்த்தது. நூற்றுக்கு 40 எடுத்தவர் 70க்கு வந்தால் 30ஐ 60ஆல் வகுக்க 0.5. 80 எடுத்தவர் 90க்கு வந்தாலும் 10ஐ 20ஆல் வகுக்க அதே 0.5.

அரைத்தாள்களை முதலில் இரண்டு முறை படியுங்கள். பிறகு ஒத்த குழப்பங்களுக்கு ஒரே நிறத்தில் கோடிடுங்கள். சக விரிவுரையாளர் ஒருவரும் உங்கள் நிறங்களைப் பார்க்காமல் தனியாகக் கோடிடட்டும். எங்கே வேறுபடுகிறீர்களோ அங்கே உட்கார்ந்து பேசுங்கள்.

படி 6: எழுதுங்கள்

மாற்றம் பலன் தராவிட்டாலும் எழுதுங்கள். உங்கள் வகுப்பு எப்படிப்பட்டது, மாணவர்கள் எந்த மொழிகளில் படித்து வந்தவர்கள் என்பதை விரிவாகச் சொல்லுங்கள். வேறு ஊரில் உங்கள் கட்டுரையைப் படிப்பவர் தம் வகுப்புக்கு இது பொருந்துமா என்று பார்ப்பது அதை வைத்துத்தான். முதலில் துறைக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள், கட்டுரை பிறகு வரும்.

இந்தப் பருவத்தில் திட்ட விலக்கப் பாடத்தை நான் சூத்திரத்தில் தொடங்கவில்லை. பலகையில் "சிசிஹான்" என்று எழுதி, இதற்கு என்ன பொருள் என்று கேட்டேன். பின்வரிசையில்கூடக் கை உயர்ந்தது.