மிதக்கிறதா, நீவாடு இழுக்கிறதா? ஆங்கிலத்தில் சரியான சொல்லைப் பிடிப்பது எப்படி

பாம்பனில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். சாயங்காலம் யாராவது மனு எழுதக் கேட்டு வருவார்கள். தொடங்கிய புதிதில் நான் எழுதிய ஒரு வாக்கியம் இன்றைக்கும் உறுத்துகிறது. நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோய், நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்து எல்லை தாண்டிப் போன படகு அது. படகுக்காரர் அண்ணன் சொல்லச் சொல்ல, "த போட் ஃப்ளோட்டட் அக்ராஸ் த பார்டர்" என்று எழுதிவிட்டேன். படித்த அதிகாரி, "படகு நன்றாகத்தானே மிதந்திருக்கிறது, அப்புறம் ஏன் திரும்பி வரவில்லை?" என்று கேட்டார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார்.

எழுதியிருக்க வேண்டிய சொல் ட்ரிஃப்டட். ஃப்ளோட் என்றால் மூழ்காமல் இருக்கிறது, அவ்வளவுதான். ட்ரிஃப்ட் என்றால் தண்ணீரோ காற்றோ இழுத்துப் போகிறது, ஓட்டுபவர் கையில் எதுவும் இல்லை. அந்த இடத்தில் கிராஸ்ட் என்று போட்டால் தானாகவே ஓட்டிக்கொண்டு தாண்டினார் என்று படிக்கவும் இடமிருக்கிறது. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களில் வகுத்த கடல் எல்லையை ஒட்டிப் பிழைக்கிற ஊரில் இந்த மூன்று சொற்களும் ஒன்றாகிவிடாது.

அதிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரே கேள்வியைத்தான் சொல்லித்தருகிறேன்: நகர்த்துவது யார்? தமிழில் 'மிதக்கிறது' என்று எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் சொல் கிடைக்கும்.

யாரும் நகர்த்தவில்லை, சும்மா மேலே கிடக்கிறது என்றால் ஃப்ளோட். தண்ணீரில் கிடக்கும் தேங்காய் அப்படி. அதே தேங்காய் அலையில் ஏறி இறங்கி ஆடினால் பாப். வலையின் மிதவைகளை நாள் முழுக்கப் பார்க்கிற பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம், கையை மேலும் கீழும் ஆட்டினாலே புரிந்துகொள்கிறார்கள்.

தன் பலத்தால் ஒரே இடத்தில் அந்தரத்தில் நின்றால் ஹோவர். கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே இறக்கையை அடித்தபடி நின்று, குறி பார்த்துச் செங்குத்தாக விழுமே, விழுவதற்கு முந்தைய அந்த நிலைதான் ஹோவர். மண்டபத்தில் கடலோரக் காவல்படை வைத்திருக்கும் ஹோவர்கிராஃப்ட்டுக்கும் காற்று மெத்தைமேல் நிற்பதால்தான் அந்தப் பெயர். கம்ப்யூட்டரில் அம்புக்குறியைக் கிளிக் செய்யாமல் ஒரு பட்டன்மேல் வைத்திருப்பதும் ஹோவர். இறால் விலை ஒரு தொகையைச் சுற்றியே நின்றால் 'ஹோவரிங் அரவுண்ட்' என்று எழுதுங்கள். பருந்து இறக்கை அடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் கிளைட். வாசனையும் பாட்டுச் சத்தமும் காற்றில் மெல்ல வந்தால் வாஃப்ட். லெவிட்டேட் அன்றாடப் பேச்சில் அதிகம் வராது; மந்திரக் காட்சிக்கும், ஷாங்காயில் காந்த விசையால் தண்டவாளத்தைத் தொடாமல் ஓடும் ரயிலுக்கும் அதை வைத்துக்கொள்ளலாம்.

ஆபீஸ் ஆங்கிலத்தில் ஃப்ளோட் வேறு வேலை பார்க்கிறது. அங்கே ஒருவர் ஒன்றை மிதக்க விடுகிறார். 'ஃப்ளோட் அன் ஐடியா' என்றால் யோசனையை எடுத்துப் போட்டு, நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது. முடிவோடு சொல்வதானால் ப்ரொபோஸ் போடுங்கள். நம் நாட்டுப் பத்திரிகைகளில் 'டெண்டர் ஃப்ளோட்' சாதாரணம். வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதும்போது 'இன்வைட் டெண்டர்ஸ்' என்பதே பாதுகாப்பு. 2022 மே மாதம் எல்.ஐ.சி. பங்குகள் சந்தைக்கு வந்ததையும் ஃப்ளோட் என்று சொல்லலாம். நாணயத்துக்கும் இதே சொல். 1972 ஜூனில் பிரிட்டன் பவுண்டை ஃப்ளோட் செய்தது என்றால், அதன் மதிப்பைச் சந்தையிடம் விட்டது என்று பொருள். 1993 முதல் நம் ரூபாயின் மதிப்பும் சந்தையில்தான் அமைகிறது, ஆனால் ரிசர்வ் வங்கி அவ்வப்போது தலையிடும். அதனால் 'மேனேஜ்ட் ஃப்ளோட்'. இங்கேயும் அதே கேள்விதான், பிடி யார் கையில்?

மனிதர்களைப் பற்றிப் பேசும்போது ட்ரிஃப்ட் மனதைத் தொடும் சொல். சண்டை எதுவும் இல்லாமல் இரண்டு சிநேகிதிகள் மெல்ல மெல்ல விலகிப்போனால் 'தே ட்ரிஃப்டட் அபார்ட்'. இந்த இடத்தில் ஃப்ளோட் பொருந்தவே பொருந்தாது.

கடலுக்குப் போகிறவர்கள் வீட்டில் ஒரு வார்த்தையையாவது மனப்பாடம் செய்து வைத்திருங்கள்: அட்ரிஃப்ட். டி.எஸ்.சி. (பட்டனை அழுத்தி ஆபத்துச் செய்தி அனுப்பும்) வசதியுள்ள வி.எச்.எஃப். ரேடியோக் கருவியில் ஆபத்துக்கான பட்டியலைத் திறந்தால் தீ, மோதல், மூழ்குதல் என்பவற்றோடு 'டிஸேபிள்ட் அண்ட் அட்ரிஃப்ட்' என்றும் ஒரு வரி இருக்கும். எஞ்சின் நின்று நீவாடு இழுத்தால் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆபத்து அழைப்புக்கான சானல் 16-ல் பேசுகிறீர்களானால் படகின் பெயர், ஜி.பி.எஸ். காட்டும் இடம், எத்தனை பேர் என்பதோடு, "எஞ்சின் ஃபெயில்ட், வீ ஆர் அட்ரிஃப்ட்" என்று சொல்லுங்கள். கரையில் இருப்பவர்கள் கடலோரக் காவல்படையை 1554-ல் கூப்பிட்டு இதையே தமிழில் சொன்னால் போதும்: படகு மூழ்கவில்லை, நீவாடு இழுக்கிறது, இன்ன திசையில் போகிறது.