மறைசெய்தி விளையாட்டு: ஆறு சீட்டையும் அவிழ்ப்பது எப்படி?

மே மாதம் அக்கா பிள்ளைகள் மூன்று பேரும் மதுரைக்கு வந்து இறங்கினால், பையைக் கீழே வைப்பதற்குள் "மாமா, சீட்டு எழுதிட்டீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆறு சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு செய்தி ஒளிந்திருக்கும், ஒன்றை அவிழ்த்தால்தான் அடுத்தது கைக்கு வரும், அவ்வளவுதான் விளையாட்டு. முதல் வருடம் இதை நிஜத் தெருக்களில் நடத்தினேன். அக்னி நட்சத்திர வெயிலில் பிள்ளைகள் தக்காளி மாதிரி சிவந்துபோய் வீடு திரும்பியதில், அக்கா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் சார்ட் பேப்பரில் வரைந்த மேப்தான். மதுரையை வரைவது சுலபம்: நடுவில் கோயில், சுற்றிலும் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்தைச் சுற்றிச் சதுரம், மேலே வைகை. விடையாக வரும் இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வைக்க வேண்டும்.

போன வருடச் சீட்டுகள் சொந்தக்காரர்கள் மத்தியில் போனில் சுற்றிச் சுற்றி வந்து, இப்போது எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பலர் என்னையே கேட்கிறார்கள். அதனால் இது. ஒவ்வொரு சீட்டுக்கும் முதலில் குறிப்பு, அப்புறம் விடை. குறிப்பைப் படித்ததும் பொறி தட்டினால் அங்கேயே நிறுத்திவிட்டு நோட்டை எடுத்துவிடுங்கள்.

தொடங்கும் முன்

கட்டம் போட்ட கணக்கு நோட்டு, பென்சில், ரப்பர். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு, இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "மதுரை" என்றால் மூன்று கட்டம்: ம, து, ரை. கம்ப்யூட்டரோ அதை ஐந்தாக எண்ணும், ஏனென்றால் அதற்கு ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி எல்லாம் தனித்தனி. ஆகவே எழுத்தைத் திருப்பிப் போடும், தள்ளிப் போடும் இணையக் கருவிகளில் தமிழைக் கொடுத்தால் பெரும்பாலும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று கழன்று வரும். கையால் செய்வதே வேகம்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் க் ங் ச் ஞ் ட் ண் த் ந் ப் ம் ய் ர் ல் வ் ழ் ள் ற் ன் என்று பதினெட்டு மெய்யையும் வரிசையாக எழுதி எண் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே அ முதல் ஔ வரை பன்னிரண்டு உயிர்.

முதல் சீட்டு: மளிகை

ஊசி 2
கம்பு 2 கிலோ
கமலா ஆரஞ்சு 2
சுக்கு 2 துண்டு
அகத்திக்கீரை 2 கட்டு
நெல்லிக்காய் 2 கிலோ

குறிப்பு: மளிகைச் சீட்டில் ஊசிக்கு என்ன வேலை? சரி, ஊசியை விடுங்கள், எந்த வீட்டில் எல்லாவற்றையும் இரண்டு இரண்டாகவே வாங்குவார்கள்?

எல்லோரும் முதல் எழுத்துகளை மேலிருந்து கீழே கோத்துப் பார்ப்பார்கள். ஊ, க, க, சு, அ, நெ. ஒன்றும் தேறாது, தேறவும் வழியில்லை. புள்ளி எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது அல்லவா, அதனால் நடுவில் ஒரே ஒரு புள்ளி எழுத்து உள்ள பெயரைக்கூட முதல் எழுத்துகளில் ஒளிக்க முடியாது. தமிழில் புதிர் போடுகிறவன் இரண்டாம் எழுத்துக்கோ கடைசி எழுத்துக்கோதான் போயாக வேண்டும். இங்கே 2 என்று ஆறு தடவை கத்தியிருக்கிறேன். இரண்டாம் எழுத்துகள்: சி, ம், ம, க், க, ல். சிம்மக்கல்லில் ஒரு புளியங்கொட்டை.

இரண்டாம் சீட்டு: இரண்டு வரி

தெபகும்டுபா
ப்க்ளநவேர்

குறிப்பு: இரண்டாவது வரி புள்ளியோடு தொடங்குகிறது. அப்படியானால் அது ஒரு வரியின் தொடக்கமே இல்லை, எதற்கோ பின்னால் வர வேண்டிய எழுத்து. எதற்கு? கட்டங்களை எண்ணுங்கள், மேலே ஆறு, கீழே ஆறு.

மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாறி மாறிப் படியுங்கள். தெ, ப், ப, க், கு, ள, ம்... தெப்பக்குளம் நடுவே பார். நடு மண்டபத்தில் கொட்டையை வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். இந்த வித்தையை வெளிநாட்டுப் புதிர்ப் புத்தகங்களில் தண்டவாள வேலி மாதிரி படம் போட்டு விளக்குவார்கள். நம் சித்திரகவியில் கோமூத்திரி என்று ஒரு வகை இருக்கிறது, இரண்டு அடிகளை மேலும் கீழுமாக எழுதி வளைந்து வளைந்து படித்தாலும் அதே பாட்டு வரும்படி அமைப்பது. மாடு நடந்துகொண்டே மூத்திரம் பெய்தால் தரையில் விழும் வளைகோடு, அதுதான் பெயர்க் காரணம். இதைச் சொன்னால் பிள்ளைகள் பத்து நிமிடம் சிரிப்பார்கள், ஆனால் அப்புறம் ஒருபோதும் மறக்க மாட்டார்கள்.

மூன்றாம் சீட்டு: தள்ளி எழுதியது

மலுந்நிம்மாவ் ஙுணிங்ங ழா

குறிப்பு: வாய்விட்டுப் படித்தால் மூக்கடைத்தவன் பேசுவது போல இருக்கிறதா? அதுவே துப்பு. கடைசிச் சொல் ழா-வில் தொடங்குகிறது, தமிழில் அப்படி ஒரு சொல்லும் கிடையாது. எழுத்துகள் இடம் மாறாமல் வேஷம் மட்டும் மாறியிருக்கின்றன.

ரோமில் ஜூலியஸ் சீசர் தன் கடிதங்களில் எழுத்துகளை மூன்று இடம் தள்ளி எழுதினார் என்பது பழைய கதை. தமிழில் தள்ளும்போது ஒரு சந்தேகம் வரும்: தள்ளியது மெய்யையா, உயிரையா? உயிரைத் தள்ளியிருந்தால் புள்ளிகள் அப்படியே இருக்க, மற்ற எழுத்துகளில் ஔ, ஓ என்று வழக்கத்தில் குறைவாக வரும் கொம்புகள் முளைத்திருக்கும். இங்கே உகரம், இகரம், ஆகாரம் எல்லாம் இயல்பாகத்தான் நிற்கின்றன, ஆக மாறியது மெய். எத்தனை இடம்? இரட்டித்து வருவதைப் பாருங்கள், ங்ங இருக்கிறது. அது தமிழில் அபூர்வம், க்க-தான் எங்கும் இரைந்து கிடப்பது. ங-வுக்கு ஓர் இடம் முன்னால் க. எல்லா மெய்யையும் ஓர் இடம் பின்னால் இழுங்கள்: பருத்திப்பால் குடிக்க வா.

இந்தச் சீட்டுக்கு மேப்பில் இடம் கிடையாது. விளையாட்டை நிறுத்திவிட்டு, தெருமுனை வண்டியில் சூடாக ஆளுக்கு ஒரு டம்ளர். எப்படி அவிழ்ப்பது என்று தெரியாதவர்கள்கூட இதை ஊகித்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

நான்காம் சீட்டு: எண்கள்

1-11, 12-3, 9-0, 9-2, 16-9, 11-1, 10-0

இது லேசானது. முதல் எண் எதுவும் 18-ஐத் தாண்டவில்லை, இரண்டாவது 12-ஐத் தாண்டவில்லை, போதுமா? நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். முன்னால் உள்ளது மெய், பின்னால் உள்ளது உயிர், 0 என்றால் உயிர் ஏறாத புள்ளி எழுத்து. கோ, ரி, ப், பா, ளை, ய, ம். தனி உயிரெழுத்து வேண்டுமென்றால் 0-1 என்று முன்னால் பூஜ்யம் வரும், அது அடுத்த வருடத்துக்கு.

ஐந்தாம் சீட்டு: கலைத்துப் போட்டது

றவ்டற்றாந் ழய்யிபற் ஙட்டய்யிம் ணச்யு சிம்

இதில்தான் எல்லோரும் பென்சிலைத் தூக்கி எறிகிறார்கள். மூன்றாம் சீட்டு மாதிரி ஒரே அளவு தள்ளல் இல்லை, ஒவ்வொரு மெய்க்கும் பதிலாக வேறொரு மெய்யை இஷ்டத்துக்குப் போட்டிருக்கிறேன். உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் தொடவில்லை. ஒரு சீட்டுக்குள் ற எங்கே வந்தாலும் அது ஒரே மெய்தான்.

எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணிப் பார்க்கும் முறையை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே பாக்தாதில் அல்-கிந்தி எழுதி வைத்துவிட்டார். நீளமான செய்திக்கு அது அருமை. ஐந்தே சொல்லுக்கு எண்ணிக்கையை மட்டும் நம்ப முடியாது. அதைவிடக் கூர்மையான ஆயுதம் நம் கையில் இருக்கிறது, எட்டாம் வகுப்பில் தூங்கிக்கொண்டே கேட்ட மெய்ம்மயக்கம், அதாவது எந்த மெய்க்குப் பின்னால் எந்த மெய் வரலாம் என்ற விதி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து அன்றைக்கே மறந்துபோன அந்தப் பாடம், இந்த ஒரு வேலைக்காகவே எழுதப்பட்டதோ என்று எனக்குத் தோன்றும்.

தேவையானது இவ்வளவுதான். க், ச், த், ப் நான்குக்கும் பின்னால் அதே மெய்தான் வரும் (டாக்டர், பக்தி மாதிரி வெளியிலிருந்து வந்த சொற்களை விட்டுவிடுங்கள்). புள்ளிக்குப் பின்னால் வேறு மெய் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இனக் கூட்டாளிகளை: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. ர், ழ் இரண்டும் இரட்டிக்கவே இரட்டிக்காது. அடுத்த சொல்லோடு சேர்ந்து வலி மிகுந்தால் ஒழிய, வல்லினப் புள்ளியில் சொல் முடியாது.

இப்போது சீட்டைப் பாருங்கள். இரட்டிப்பவை: ற்றா, ய்யி, ட்ட, மறுபடி ய்யி. வேறு வேறாகச் சேர்பவை: வ்ட, ச்யு. இதில் ய-வும் ட-வும் இரண்டு பட்டியலிலும் இருக்கின்றன. இரட்டிக்கவும் செய்து, இன்னொரு புள்ளிக்குப் பின்னாலும் வருகிறது என்றால் வல்லினமாக இருக்க வாய்ப்பு அதிகம். பிடித்துவிட்டோம், விடாதீர்கள்.

குறிப்பு: மூன்றாம் சொல்லின் வாலைப் பாருங்கள், ய்யிம். ஒரு மெய் இரட்டித்து, இகரம் ஏறி, புள்ளியில் முடிகிறது. இடத்தைச் சொல்லும்போது தமிழில் எந்த வால் வரும்? மரத்தில், குளத்தில், ஓரத்தில்.

த்தில்! அப்படியானால் ய என்பது த, ம என்பது ல். நான்காம் சொல்லில் யு என்பது து ஆகிறது, த-வுக்கு முன்னால் வரும் கூட்டாளி ந், ஆக ச என்பது ந. உடனே கடைசிச் சொல் சிம் தானாகவே நில் என்று எழுந்து நிற்கிறது. அந்த நொடிக்காகத்தான் இந்தச் சீட்டையே எழுதினேன். "?ந்து நில்" என்றால் வந்து நில். இனி ற: சொல்லின் தொடக்கத்திலும் வருகிறது, இரட்டிக்கிறது, சொல்லின் கடைசியிலும் புள்ளியோடு நிற்கிறது. ன, ல, ள சொல்லுக்கு முதலில் வராது. ம-வை வைத்துப் பாருங்கள், முதல் சொல் ம??ம்மா? என்று ஆகும். நடுவில் ஓர் இனக் கூட்டணி. மதுரைக்காரருக்கு இதற்கு மேல் துப்பு தேவையில்லை, ரயிலை விட்டு இறங்கினால் எதிரே தெரிவதுதானே. மங்கம்மாள் சத்திரம் பக்கத்தில் வந்து நில்.

வெளியூர்ப் பிள்ளைகள் இங்கே திணறுவார்கள். அவர்களுக்கு ட என்பது க என்று மட்டும் சொல்லிவிடுங்கள், மிச்சத்தை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

மேலூர்ப் பக்கம் மாங்குளத்தில் 1882-ல் ராபர்ட் சிவெல் கண்ட குகைக் கல்வெட்டுகளும் ஒரு காலத்தில் இப்படித்தான் திகைக்க வைத்தன. பிராமி எழுத்து தெரிந்திருந்தும் என்ன மொழி என்பது விளங்கவில்லை. அது தமிழ் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-ல் எடுத்துக்காட்டினார், ழ, ற, ன போலத் தமிழுக்கே உரிய ஒலிகளுக்கான எழுத்துகள் அதில் இருந்தது பெரிய துப்பு. பெரியவனை ஒரு முறை அங்கே கூட்டிப்போனேன். மலையேறி மூச்சு வாங்கியபடி, "இதுக்கு விடை எந்தப் பக்கத்துல மாமா?" என்றான்.

ஆறாம் சீட்டு

௩௯௧-௫

குறிப்பு: எழுத்து மாதிரி தெரிந்தாலும் எழுத்து இல்லை. "ங, கூ, க, ரு" என்று கூட்டிப் படித்துக் குழம்பியவர்கள் ஏராளம். தமிழ் எண்கள் அவை: 391, அப்புறம் 5. ஆயிரத்து முந்நூற்று முப்பது வரை எண்ணிட்ட, ஒவ்வொன்றிலும் ஏழே ஏழு சீர் உள்ள ஒன்று எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது.

391-வது குறளை எடுத்து ஐந்தாம் சீரைப் பாருங்கள். கற்க, கசடறக், கற்பவை, கற்றபின், நிற்க.

நிற்க. அவ்வளவுதான் செய்தி. பெரியவர்கள் இதைப் பார்த்ததும், அந்தக் காலத்துக் கடிதங்களில் "நலம், நலமறிய ஆவல். நிற்க" என்று எழுதிவிட்டு விஷயத்துக்கு வருவார்களே, அப்படி நினைத்துக்கொண்டு ஏழாம் சீட்டைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஏழாம் சீட்டு கிடையாது. செய்தி சொன்னதைச் செய்ய வேண்டும்: புரிந்தவுடன் யாரிடமும் சொல்லாமல் எழுந்து நிற்க வேண்டும், முதலில் நிற்பவருக்குத்தான் ஜிகர்தண்டா.

போன மே மாதம் பெரியவனும் நடுவுள்ளவளும் குறள் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தபோது, சின்னவள் தண்ணீர் குடிக்க எழுந்தாள். விதி விதிதானே என்று ஜிகர்தண்டாவை அவளுக்கே வாங்கிக் கொடுத்தேன். தனக்கு முன்னாலேயே விடை தெரியும் என்று இன்றுவரை சாதிக்கிறாள். மற்ற இருவரும் இந்த வருடம் தொடக்கத்திலிருந்தே நின்றுகொண்டுதான் விளையாடப் போகிறார்களாம்.